ஐந்தாவது ஏன்

டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், கேட்க வேண்டியதைக் கேட்காமலே திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று அந்தோணிமேரி சிஸ்டர் சொன்னார். எங்கள் கம்பெனியின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸ் அவர்.

"லிவர் ஸ்பெஷலிஸ்ட் உங்களுக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம், சசி. வெளியே வந்து படியில நின்னுக்கிட்டு, அய்யோ இதைக் கேக்க மறந்துட்டேனேன்னு தலையில அடிச்சுக்காதே. இப்பவே யோசிச்சு வெச்சுக்கோ."

எனக்கா சொல்லித்தர வேண்டும்? கேள்விதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரகடத்தில், காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவள். லைனில் ஒரு பீஸ் கெட்டு வந்தால் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். பதில் வந்ததும் விடாமல், அது ஏன் என்று அடுத்துக் கேட்க வேண்டும். இப்படி ஐந்து தடவை கேட்டால் வேர் கிடைத்துவிடும் என்பது கம்பெனிப் பாடம். எங்கள் சூப்பர்வைசர் நரசிம்மன் சார் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஆளைச் சொல்லாதீங்கம்மா, காரணத்தைச் சொல்லுங்க. அஞ்சாவது ஏன்ல ஒரு ஆள் பேரு வந்து நின்னா, நீங்க தப்பா கேட்டுக்கினு வந்திருக்கீங்கன்னு அர்த்தம்." கம்பெனியில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இதையே செய்தால் வாயாடி என்கிறார்கள்.

என் கணவர் லோகேஷுக்கு வல்லம் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை. அங்கே ரத்ததான முகாம் போட்டார்கள். ரத்தம் கொடுத்து, ஜூஸ் குடித்து, சட்டையில் ஸ்டிக்கரோடு சிரித்துக்கொண்டு வந்தார் மனுஷன். சில நாள் கழித்துப் போன் வந்தது. உங்கள் ரத்தத்தை எடுத்துக்கொள்ள முடியாது, ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, ஓ.டி. பார்த்துவிட்டு வந்தும் தோசைக்கல்லை ஒழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எனக்கும் எங்கள் மகள் கனிஷ்காவுக்கும் பரிசோதித்ததில் இல்லை என்று வந்தது. எனக்குத் தடுப்பூசியும் போட ஆரம்பித்தாயிற்று. வேறு வீடாக இருந்தால் இதோடு மாத்திரை, மருந்து என்று விஷயம் போயிருக்கும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் மஞ்சளாகிச் செத்திருக்கிறார்.

சுபாஷ். என் கணவரின் அண்ணன். நான் இந்த வீட்டு மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டவர். அவரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் செத்த விதம் எனக்கு மனப்பாடம். கை கால் குச்சியாகி வயிறு மட்டும் நிறைமாசக்காரிக்குப் போல வீங்கியது, கண் மஞ்சளானது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது, முழங்கையில் சூடு வைத்தது, பகலென்றும் ராத்திரியென்றும் இல்லாமல் உடம்பைச் சொறிந்துகொண்டே பின்னறையில் கிடந்தது. பிள்ளைப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். குடி.

போன் வந்த நாளிலிருந்து சுபாஷ் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

முதலில் என் மாமியார் வாயில் வந்தார். ராஜாமணி அத்தைக்கு நாக்கு குழறாது. ஊர்ச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற வாய் அது. அந்த வாய், லோகேஷை "பெரியவனே" என்று கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்டுவிட்டு, தான் கூப்பிட்டதே தெரியாமல் தட்டில் சோறு வைக்கும். இவரும் திருத்தாமல் சாப்பிடுவார். பிறகு இவர் கண்ணில் வந்தார். பைக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பதே இவருக்கு வேலையாகிவிட்டது. "சசி, வெள்ளையா கீதான்னு பாரு" என்று காலையில் ஒரு தடவை, ஷிப்ட் முடிந்து வந்து ஒரு தடவை. ஒருநாள் சாம்பாரைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டார். இனிமேல் மஞ்சள்தூள் போடாதே என்றார். போடாமல் வைத்தேன். அந்த வெளிறிப்போன சாம்பாரை மூன்று பேரும் பிசைந்து தின்றோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். யார் மேல் எறிவது? செத்தவர் மேலா?

ஒரு மத்தியானம் எனக்கு வார லீவு. இவர் முதல் ஷிப்டில், அத்தை ரேஷன் கடையில். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் யாரோ சொறிகிற சத்தம். காய்ந்த தோலில் நகம் இழுபடும் சத்தம். நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிறத்தியாருக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எழுந்து போய்க் கதவைப் படாரென்று தள்ளினேன். அரிசி மூட்டை, உடைந்த கிரைண்டர், சுவரோரம் நிறுத்தி வைத்த கயிற்றுக் கட்டில். சத்தம் நின்றுபோயிருந்தது. எலி என்று சொல்லிக்கொண்டேன். எலி பிராண்டும் சத்தம் எனக்குத் தெரியாதா? பயந்துதான் போனேன். கனிஷ்காவைப் பால்வாடியிலிருந்து அழைத்து வரும் நேரம் வரைக்கும் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரைப் பார்க்கும் நாளுக்குக் கொஞ்சம் முன்னால் சுபாஷின் நினைவுநாள் வந்தது. வருஷா வருஷம் படையல் போடுவோம். கோழிக் குழம்பு, வடை, அவருக்குப் பிடித்த ஜாங்கிரி. இலையின் ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. செத்தவர் ஆசைப்பட்டதை வைக்க வேண்டும் இல்லையா? அதை இவர்தான் கடையில் வாங்கி வருவார், அத்தைதான் கையால் வைப்பார். சாம்பிராணி காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வோம். உள்ளே அவர் வந்து சாப்பிடட்டும் என்று.

இந்தத் தடவையும் வாசலில் நின்றோம். சாயங்கால வெயில், கம்பெனி பஸ்கள் திரும்புகிற நேரம். அத்தை கதவோடு காதை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏதோ உருண்டது. கதவைத் திறந்து பார்த்தால் இலை இலையாகவே இருந்தது. குவார்ட்டர் பாட்டில் மட்டும் சாய்ந்து உருண்டு, வாசற்படி அருகே வந்து கிடந்தது. மூடி பிரியவில்லை.

"தள்ளிட்டான்" என்றார் அத்தை. "எம்மேல கோவம் அவனுக்கு. வருசா வருசம் வெக்கிறேன், ஒருக்காகூடத் தொட மாட்டேங்கிறான்."

மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால் எங்கள் வீட்டில் பாத்திரமெல்லாம் ஆடும். அதில்தான் உருண்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் டீ பிரேக்கில் சிஸ்டரிடம் போனேன். டாக்டரிடம் கேட்பதற்காகப் போனில் குறித்து வைத்திருந்த கேள்விகளைப் படித்துக் காட்டினேன். மாத்திரை இப்போதே வேண்டுமா, ஆயுசுக்கும் போட வேண்டுமா, ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, ஒரே தட்டில் சாப்பிடலாமா, கீழாநெல்லி கொடுக்கலாமா, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா. சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியாக, எப்படி வந்தது என்று கேட்டால் டாக்டர் சொல்வாரா என்றேன். நான் பழக்கதோஷத்தில் எனக்குள்ளேயே ஏன் ஏன் என்று தோண்டிப் பார்த்திருந்தேன். இவருக்கு யாரும் ரத்தம் ஏற்றவில்லை. பச்சை குத்திக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளாமல் மாத்திரையோடு முடித்துக்கொள்கிற ஆள்.

"பெரியவங்களான பிறகு தொத்திச்சுன்னா பெரும்பாலும் உடம்பே விரட்டிடும், சசி" என்றார் சிஸ்டர். "இப்படி உள்ளேயே தங்கியிருக்குன்னா ரொம்பச் சின்னதுலயே வந்திருக்கணும். அனேகமா பிறக்கும்போது, அம்மாகிட்டேர்ந்து. அந்தக் காலத்துல குழந்தைக்கு இதுக்குத் தடுப்பூசி ஏது? அவர் கூடப் பிறந்தவங்க யாருக்காவது லிவர் கோளாறு இருந்துச்சா?"

என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இவருக்கு ஏன் வந்தது? சின்னதிலேயே தொற்றியது. ஏன் தொற்றியது? பெற்றவளிடம் இருந்தது. அப்படியானால் அதே வயிற்றில் பிறந்த அண்ணன் ஏன் செத்தார்? அதற்குமேல் நான் கேட்காமலே பதில் வந்து நின்றது. குடியால் இல்லை. நரசிம்மன் சாரின் பாடப்படி நான் எங்கோ தப்பாகக் கேட்டிருக்க வேண்டும். கடைசி ஏன்-இல் ஒரு ஆள் பெயர் இருந்தது. ராஜாமணி.

அன்று இவர் என்னை அழைத்துப் போக பைக்கில் வந்தார். வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். அண்ணன் பெயரில் இருந்த கறை போகிறதே. இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அத டாக்டராண்ட கேக்காத சசி."

"இன்னாங்க பேசுறீங்க? அத்தைக்கும் அது உடம்புல இருந்தா பாக்க வேணாமா?"

"அண்ணன் எப்டிச் செத்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

"குடின்னு ஊரே சொல்லுதே."

"குடிக்கலன்னு அண்ணன் சொல்லிகினே இருந்துச்சு. நான் கிட்ட படுத்தவன், ஒருநாளும் வாசனை வந்ததில்ல. ஆனா வயிறு வீங்கினா குடிதான்னு எல்லாரும் சொன்னாங்கோ. ஊர் வாய மூட உலைமூடி ஏது? கடைசில அம்மா, வல்லக்கோட்டைக்கு இட்டுகினு போயி, முருகன் எதிர கற்பூரத்தக் கொளுத்தி வெச்சு, அடிச்சு சத்தியம் பண்ணுடான்னுச்சு. அண்ணன் நிக்கக்கூட முடியாம நான்தான் புடிச்சிகினு நின்னேன். ஒரே அடி. உள்ளங்கையால கற்பூரத்த அணைச்சு, நான் குடிக்கலன்னுச்சு. வூட்டுக்கு வந்து பத்து நாள் தாங்கல."

இவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"ஊரு இன்னா சொல்லுச்சு தெரியுமா? பொய் சத்தியம் பண்ணான், முருகன் தூக்கிகினாரு. அம்மா இன்னிக்கும் அதத்தான் நம்பிகினு கீது. சத்தியம் வாங்காம வுட்டிருந்தா புள்ள பொழச்சிருப்பான், நானே கொன்னுட்டேன்னு. இப்ப நீ போயி, இல்ல அத்தே, நோயே நீங்க குடுத்ததுதான்னு சொல்லப் போறியா? ஏற்கெனவே ஒருதடவ கொன்னுட்டேன்னு நெனச்சிகினு கீது. இன்னொரு தடவையா? தாங்காது சசி. செத்துடும்."

கெட்ட பீஸ் என்று தெரிந்தே லைனில் அனுப்புகிறவளை நான் மனுஷியாக மதித்ததில்லை. ஆனால் அந்தக் கதவோடு காதை ஒட்டி நின்ற அத்தையை நினைத்தேன். போனை எடுத்து அந்தக் கேள்வியை அழித்தேன். அத்தையின் ரத்தத்தைப் பிறகு ஒரு நாள் வேறு ஏதாவது காரணம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

போகிற நாள் காலையில் அத்தை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க எதுக்கு அத்தே? பஸ்ஸுல கூட்டமா இருக்கும்."

"பெரியவன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனப்போ நான் போவல. கோவத்துல வூட்டுலயே குந்திகினேன். இவன் கூட நான் வருவேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். மூன்று பேரும் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் பக்கம் அத்தை உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டை, யாரும் உட்கார்ந்துவிடாமல், கையால் மறைத்துக்கொண்டே வந்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் என் வயதுப் பெண். பொறுமைசாலி. என் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஸ்கேனில் ஈரல் இன்னும் இறுகவில்லை. வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாத்திரையை முடிவு செய்யலாம். ஆரம்பித்தால் தினமும் ஒன்று, பல வருஷம், நம் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. ஒரே தட்டில் தாராளமாகச் சாப்பிடலாம், ஷேவிங் பிளேடு மட்டும் தனி. நாட்டு மருந்து எதுவும் என்னைக் கேட்காமல் கூடாது. இவர் ஒழுங்காக வந்து பார்த்துக்கொண்டால் பேரன் பேத்தி எடுப்பார் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. எல்லாம் கேட்டாயிற்று, கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார் டாக்டர். "இப்ப என் கேள்வி. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

நாம் கேள்வியை அழித்துவிட்டால், டாக்டருக்குக் கேட்கத் தெரியாதா? அந்த அறிவு எனக்கு ஏன் இல்லாமல் போனது?

"ஒரு அண்ணன்" என்றார் இவர். "இறந்துட்டாரு."

"எதனால?"

இவர் தரையைப் பார்த்தார். அத்தைதான் பேசினார். "வயிறு வீங்கி, மஞ்சளாயி. குடின்னாங்கோ."

"ரத்தத்துல இந்த டெஸ்ட் எடுத்தாங்களா?"

"எடுக்கல டாக்டர்" என்றார் இவர். "குடிப்பாரான்னு கேட்டாங்க. கூட வந்தவங்க ஆமான்னுட்டாங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அத்தையின் பக்கம் திரும்பினார். டாக்டரின் வாயை எப்படியாவது மூடிவிட முடியாதா என்று எனக்கு இருந்தது.

"அம்மா, உங்களுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கணும். இது பெரும்பாலும் பிரசவத்தப்போ தாய்கிட்டேர்ந்து பிள்ளைக்கு வரும். உங்களுக்கு உங்க அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். யார் தப்பும் இல்ல. உங்களுக்கு இருக்கிறதே தெரியாம இருந்திருக்கும்."

இவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டேன். அத்தை கையை விடுவித்துக்கொண்டு, நாற்காலியை மேஜையருகே இழுத்தார்.

"ஒண்ணு கேக்கட்டா டாக்டரம்மா? ஒரு சொட்டு குடிக்காதவனுக்கும் அப்டி வயிறு வீங்குமா?"

"இந்த நோய் இருந்தா வீங்கும்மா. குடியே வேண்டாம்."

"கண்ணு மஞ்சளாவுமா? உடம்பெல்லாம் அரிக்குமா?"

"எல்லாம் வரும்."

"அப்ப எம்பெரியவனுக்கும் இதானா?"

டாக்டர் யோசித்தார். "இனிமே அவருக்கு டெஸ்ட் பண்ண முடியாதும்மா. ஆனா தம்பிக்கு இருக்கு. உங்களுக்கும் இருந்துச்சுன்னா, அவருக்கும் இதுதான்னு நான் சொல்லுவேன்."

"எனக்கு இருந்தா" என்று அத்தை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அழுவார் என்று காத்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அத்தை எழுந்து, "ரத்தம் எங்க எடுப்பாங்கோ?" என்றார்.

லேப் மாடியில் இருந்தது. முழங்கால் வலி என்று பஸ் படிக்கட்டு ஏறவே என் தோளைப் பிடிக்கிறவர், எங்கள் இருவருக்கும் முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நான் குனிந்து கேட்டேன்.

"வல்லக்கோட்டையானே, எங்கிட்ட இருக்கட்டும்ப்பா. என் ரத்தத்துல இருக்கட்டும். எம்புள்ள ஒன்னாண்ட பொய் சொல்லலப்பா."

எது தெரிந்தால் செத்துவிடுவார் என்று நாங்கள் மூடி மறைத்தோமோ, அதைத்தான் அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. வயதானவர், கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறார், பயம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். நல்ல பெண். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "கவலப்படாதீங்கம்மா, உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றாள்.

அத்தை கண்ணைத் திறந்தார்.

"மொதல்ல வாயக் கழுவு" என்றார்.